சங்கத் தேர்தலில் நிற்கலாமா அக்கா?

கேள்வி: அக்கா, நான் வேலூரில் நர்சிங் படித்துவிட்டு 2009-ல் அமெரிக்கா வந்தவள். ஏழு வருடமாக டாலஸ் பக்கம் ஒரு கிளினிக்கில் ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனராக, அதாவது நோயாளியைப் பார்த்து மருந்தும் எழுதும் மேல்படிப்பு படித்த நர்ஸாக இருக்கிறேன். கிரீன் கார்டு இருக்கிறது, சிட்டிசன்ஷிப் இன்னும் வாங்கவில்லை. எங்கள் மாநில நர்ஸ் பிராக்டிஷனர் சங்கத்தில் பொறுப்புகளுக்கு மனு கேட்டிருக்கிறார்கள். பிரசிடென்ட்-எலக்ட் பதவிக்கே நிற்கலாமா என்று பார்க்கிறேன். போன வருடம் எங்கள் டாக்டர் திடீரென்று ரிட்டயர் ஆகிவிட, மூன்று வாரம் என்னால் ஒரு பிரஷர் மாத்திரைகூட எழுதிக் கொடுக்க முடியவில்லை. அந்தக் கோபம்தான் காரணம். கணவர் "சம்பளம் இல்லாத வேலைக்கு எதற்கு இந்த ஓட்டம்" என்கிறார். கூட வேலை செய்பவர் "உன் இங்கிலீஷுக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்" என்று சிரிக்கிறார். நிற்கலாமா?
(பெயர் வேண்டாம், டெக்சாஸ்)

பதில்: நில்லுங்கள். ஆனால் அந்தப் பதவிக்கு இப்போது வேண்டாம்.

பிரசிடென்ட்-எலக்ட் என்பது பல சங்கங்களில் ஒரு வருட வேலை இல்லை. ஒரு வருடம் காத்திருப்பு, அடுத்த வருடம் தலைவர், அதற்கடுத்த வருடம் முன்னாள் தலைவர் என்று மூன்று வருடம் இழுக்கும். உங்கள் சங்கத்தில் எப்படி என்று பைலாவை, அதாவது சங்கத்தின் விதிமுறைகளை, எடுத்துப் பாருங்கள். எத்தனை வருடம் உறுப்பினராக இருக்க வேண்டும், முன்னால் ஏதாவது கமிட்டியில் இருந்திருக்க வேண்டுமா, எல்லாம் அதில்தான் இருக்கும். நான் பார்க்காமல் போய் ஒரு முறை அசடு வழிந்தேன். எந்தச் சங்கம் என்று கேட்காதீர்கள். வேட்பாளர் அறிக்கை என்று நான் எழுதிக் கொடுத்தது என் பட்டங்களின் பட்டியல். படித்தவர்கள் எல்லோரும் என்னைவிட இரண்டு பட்டம் கூட வாங்கியவர்கள். தோற்றேன், வேறென்ன.

நீங்கள் எழுத வேண்டியது அந்த மூன்று வாரக் கதையை. டெக்சாஸில் நர்ஸ் பிராக்டிஷனர் மருந்து எழுத வேண்டுமானால் ஒரு டாக்டரோடு கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும், 2013 சட்டத்தில் வந்த வடிவம் அது. டாக்டர் போனால் ஒப்பந்தமும் போச்சு, அடுத்த டாக்டர் கிடைக்கும்வரை உங்கள் நோயாளி மாத்திரைக்கு எங்கே போவார்? எல் பாசோவில் இருப்பவர் கொஞ்ச தூரம் வண்டி ஓட்டி நியூ மெக்சிகோவுக்குள் போய்விட்டால், அதே படிப்பு படித்த நர்ஸ் பிராக்டிஷனர் எந்த டாக்டரின் கையெழுத்தும் இல்லாமல் மருந்து எழுதுகிறார். இத்தனைக்கும் 1965-ல் கொலராடோவில் இந்தத் தொழிலையே ஆரம்பித்தவர்கள் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்துதான். இன்றைக்கு அந்தக் கையெழுத்து வேண்டாம் என்று கேட்டால் டாக்டர்கள் சங்கம் எதிர்த் தரப்பில் நிற்கிறது. ஆனால் அறிக்கையில் அவர்களைத் திட்ட வேண்டாம், திட்டுபவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் கிளினிக்கில் அந்த மூன்று வாரம் எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று எண்ணி எழுதுங்கள்.

ஆக, உங்கள் கோபத்துக்குச் சரியான இடம், சட்டத்தை மாற்றச் சொல்லிச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் பேசும் சங்கத்தின் சட்டமன்றக் கமிட்டி. டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டம் ஒற்றைப்படை வருடங்களில் மட்டும், ஜனவரி இரண்டாம் செவ்வாய்க்கிழமை தொடங்கி அதிகபட்சம் 140 நாள். அந்த நாட்களில் தலைநகர் ஆஸ்டினுக்குப் போய் நிற்பவர்களின் முகம் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு மறந்துவிடும், அவ்வளவு கூட்டம். கூட்டம் இல்லாத வருடத்தில் உங்கள் தொகுதி அலுவலகத்திலேயே போய்ப் பார்த்துப் பேசுபவரைத்தான் நினைவில் வைப்பார்கள். இதைச் செய்ய நீங்கள் தலைவராக இருக்க வேண்டியதே இல்லை. கமிட்டியில் ஒரு வருடம் இருந்துவிட்டு, அப்புறம் செயலாளர் அல்லது பொருளாளர். பொருளாளர் பதவிக்குப் பல இடங்களில் ஆளே கிடைப்பதில்லை, கணக்கு என்றால் எல்லோருக்கும் பயம். அந்த நாற்காலியில் இருந்தால் சங்கத்தின் பணம் எங்கே போகிறது என்று ஆறு மாதத்தில் புரிந்துவிடும், அது தெரியாத தலைவர் வெறும் பொம்மை.

இங்கிலீஷ் விஷயம். கூட்டத்தில் தடுமாற வைப்பது உச்சரிப்பு இல்லை, நடைமுறை. யார் தீர்மானம் கொண்டுவரலாம், யார் வழிமொழிய வேண்டும், கோரம், அதாவது கூட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள், இல்லையென்றால் என்ன ஆகும் என்பதெல்லாம் 1876-ல் ராபர்ட் என்ற ராணுவ அதிகாரி எழுதிய விதிப் புத்தகத்திலிருந்து வருவது, அமெரிக்கச் சங்கங்கள் பெரும்பாலும் அதைத்தான் பிடித்துக்கொண்டு நடத்துகின்றன. சுருக்கப் பதிப்பு கிடைக்கும், ஒரு வாரக் கடைசியில் முடித்துவிடலாம். பேசிப் பழக இடம் வேண்டுமானால் இந்திய நர்ஸ்களுக்கென்று 2006-லிருந்து இருக்கும் நைனா அமைப்பின் கிளைக்குப் போங்கள். அங்கே மலையாளச் சகோதரிகள்தான் அதிகம், மைக்கைக் கொடுத்தால் கூச்சப்படவே மாட்டார்கள், பக்கத்தில் இருந்தால் நமக்கும் ஒட்டிக்கொள்ளும்.

கிரீன் கார்டு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சங்கங்கள் அரசியல் வேட்பாளர்களுக்குக் கொடுக்கும் தேர்தல் நிதிக்காக தனியாக ஒரு கமிட்டி வைத்திருக்கும். கிரீன் கார்டு உள்ளவர் அதற்குப் பணம் கொடுக்கலாம். எச்-1பி விசாவில் இருப்பவர் கொடுக்கக் கூடாது, அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்ற முடிவிலும் கலந்துகொள்ளக் கூடாது. உங்களுக்குத் தடை இல்லை. உங்கள் தோழிகளில் யாராவது விசாவில் இருந்தால் ஆர்வத்தில் செக் எழுதிவிடப் போகிறார்கள், சொல்லி வையுங்கள்.

கணவர் கேட்டது நியாயமான கேள்வி. அவருக்கு 'சேவை' என்று பதில் சொல்லாதீர்கள், நாள்காட்டியைக் காட்டுங்கள். மாதம் எத்தனை சாயங்காலம், டாலஸிலிருந்து ஆஸ்டினுக்கு மூன்று மணி நேர ஓட்டம் வருடத்துக்கு எத்தனை தடவை, பயணச் செலவைச் சங்கம் தருமா, அன்றைக்குப் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று எழுதிக் காட்டிவிட்டுப் பேசுங்கள்.

கடைசியாக ஒன்று. மருந்துக் கம்பெனி வாங்கித் தந்த சாப்பாடு, பேச்சுக்குக் கொடுத்த பணம் எல்லாம் 2021-லிருந்து நர்ஸ் பிராக்டிஷனர்கள் பெயரிலும் மத்திய அரசின் ஓப்பன் பேமெண்ட்ஸ் தளத்தில் ஏறுகிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மனு கொடுக்கும் முன் உங்கள் பெயரைப் போட்டுத் தேடுங்கள். நீங்கள் சாப்பிடாத சாப்பாடு அதில் இருந்தால் இப்போதே ஆட்சேபம் தெரிவித்துவிடுங்கள்.