ரோமர் தோற்றாரா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வான் கென்ட் என் லோஸ் வழக்கைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் சட்டக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் சேர்ந்து நாடுகளுக்கு மேலான ஒரு சட்டத்துக்கே அஸ்திவாரம் போட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் அந்த வழக்கில் நீதிமன்றத்தின் சொந்த அட்வகேட் ஜெனரலே எதிராகக் கருத்துச் சொன்னார் என்கிறார் எங்கள் பேராசிரியர். அதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. நீதிபதிகள் ஒதுக்கித் தள்ளிவிடக்கூடிய ஆலோசனைக்கு என்னதான் மதிப்பு? இன்னொன்று, அங்கே தீர்ப்பின் வரைவை எழுதுவதே நீதிபதிகளின் அலுவலகத்தில் இருக்கும் ஜூனியர்கள்தான் என்கிறார்கள். பெயர் தெரியாத, கையெழுத்துப் போடாத ஆட்களா ஒரு கண்டத்துக்கே சட்டம் செய்கிறார்கள்?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

உங்கள் பேராசிரியர் சொன்னது சரி. அப்படி எதிர்க்கருத்துச் சொன்ன அட்வகேட் ஜெனரல் ரோமரை விட்டுவிட்டு அந்த வழக்கை நான் எழுதியிருக்கக் கூடாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் ஊரில் அட்வகேட் ஜெனரல் என்றால் மாநில அரசுக்காக வாதாடுகிறவர். லக்சம்பர்க்கில் அப்படியில்லை. அவர் எந்தக் கட்சிக்காரருக்கும் வக்கீல் அல்ல. நீதிபதிகளுக்குச் சமமான தகுதியுடன் அதே நீதிமன்றத்தில் இருப்பவர். இரு தரப்பு வாதமும் முடிந்த பிறகு, இந்த வழக்கை எப்படித் தீர்க்கலாம் என்று தன் பெயரில், காரணங்களோடு, வெளிப்படையாகக் கருத்துச் சொல்வார். அதன் பிறகு நீதிபதிகள் தனியே கூடி முடிவெடுப்பார்கள். அந்தக் கூட்டத்தில் அவருக்கு இடமில்லை. பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றமான கொன்செய் தெத்தாவில் இருந்த ஒரு பதவியைப் பார்த்து உண்டாக்கிய முறை இது. 1952இல் நீதிமன்றம் தொடங்கியபோது இரண்டு பேர் போதும் என்று வைத்தார்கள், இன்று பதினொரு பேர். முதல் இருவர் ஜெர்மானியரான கார்ல் ரோமரும், அந்தப் பிரெஞ்சு நீதிமன்றத்திலிருந்தே வந்த மோரிஸ் லக்ராஞ்சும்.

இனி ரோமர். வழக்கு சின்னது. நெதர்லாந்து நிறுவனம் ஒன்று மேற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு வேதிப்பொருளைத் தருவித்தது. மூன்று சதவீதமாக இருந்த சுங்கவரி எட்டாகிவிட்டது. சுங்கத்தை ஏற்றக் கூடாது என்றது, ஐரோப்பியப் பொதுச் சந்தையை உண்டாக்கிய ரோம் ஒப்பந்தத்தின் 12ஆம் ஷரத்து. அந்த ஷரத்தைக் காட்டி ஒரு தனியார் நிறுவனம் தன் நாட்டு நீதிமன்றத்திலேயே நேராக உரிமை கேட்க முடியுமா என்பது கேள்வி. ஐரோப்பிய ஆணையத்தின் சட்டப் பிரிவு, மிஷேல் கோதே தலைமையில், முடியும் என்று வாதாடியது. 1962 டிசம்பர் 12 அன்று ரோமர் முடியாது என்றார்.

ஏன் என்பதுதான் விஷயம். அவர் பயந்தாங்கொள்ளியும் அல்ல, ஐரோப்பிய ஒற்றுமைக்கு எதிரியும் அல்ல. ஒப்பந்தத்தின் சில ஷரத்துகள் தனிமனிதருக்கு நேரடியாக உரிமை தரக்கூடும் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். இந்த ஷரத்து அந்த வகையில் சேராது என்றார். அதற்காக உறுப்பு நாடுகளின் அரசியல் சட்டங்களை எடுத்துப் பார்த்தார். அன்றைய நிலையில் நெதர்லாந்தில் ஒப்பந்தம் உள்நாட்டுச் சட்டத்தை வெல்லும். இத்தாலியில் பின்னால் வந்த சட்டம் ஒப்பந்தத்தை வெல்லும். அப்படியிருக்க இந்த ஷரத்துக்கு நேரடி வலிமை தந்தால், ஒரே விதி ஓரிடத்தில் செல்லும், இன்னோரிடத்தில் செல்லாது. ஒரே சந்தை என்ற பேச்சே அடிபட்டுப் போகும்.

1963 பிப்ரவரி 5 அன்று நீதிமன்றம் அவர் சொன்னதை ஏற்கவில்லை. ஒப்பந்தம் ஒரு புதிய சட்ட ஒழுங்கு, அது அரசுகளுக்கு மட்டுமல்ல, மக்களுக்கும் உரியது என்று தீர்ப்பளித்தது. நான் அந்தத் தீர்ப்பைக் கொண்டாடுகிறவன். ஆனாலும் அதை எத்தனை முறை படித்தாலும், ரோமர் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை. ஒப்பந்தமும் உள்நாட்டுச் சட்டமும் மோதினால் எது வெல்லும்? தீர்ப்பு அதைத் தொடவில்லை.

அந்தக் கேள்வி பதினேழு மாதம் காத்திருந்தது. மிலான் வக்கீல் ஃப்ளாமினியோ கோஸ்தா, மின்சாரத் துறையை அரசுடைமையாக்கிய சட்டம் ரோம் ஒப்பந்தத்துக்கு முரணானது என்று எதிர்த்து, 1,925 லிரா மின்கட்டணத்தைக் கட்ட மறுத்தார். லக்சம்பர்க்கில் தீர்ப்பு வருவதற்குள், 1964 மார்ச்சில், இத்தாலியின் அரசியல் சாசன நீதிமன்றம் பின்னால் வந்த சட்டமே செல்லும் என்று சொல்லிவிட்டது. ரோமர் எச்சரித்தது கண் முன்னே நடந்தது. அந்த ஜூன் 25இல் லக்ராஞ்ச் தன் கருத்தைச் சொன்னார். இத்தாலிய நீதிமன்றத்தின் நிலைப்பாடு தொடர்ந்தால் ஒப்பந்தம் என்ன ஆகும் என்று மழுப்பாமல் பேசினார். அப்படி ஒரு நிலை வந்தால் அந்த நாட்டின் முன் இரண்டே வழி: அரசியல் சட்டத்தைத் திருத்துவது, இல்லையென்றால் ஒப்பந்தத்தை விட்டு வெளியேறுவது. மூன்று வாரத்தில், ஜூலை 15 அன்று, ஒப்பந்தச் சட்டமே மேலானது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இப்போது சொல்லுங்கள், ரோமர் தோற்றாரா? வழக்கில் தோற்றார். ஆனால் கோஸ்தா தீர்ப்பு அவர் கேள்விக்கான பதிலாகவே எனக்குப் படுகிறது. ஒதுக்கப்பட்ட ஆலோசனையின் மதிப்பு இதுதான் என்று நினைக்கிறேன். தான் எதைத் தாண்டிப் போகிறோம் என்பது நீதிமன்றத்துக்குத் தெரிந்துவிடுகிறது. ஊருக்கும் தெரிந்துவிடுகிறது. அந்த நீதிமன்றத்தில் மாறுபட்ட தீர்ப்பு எழுத வழியே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். நம் உச்ச நீதிமன்றத்தில் உடன்படாத நீதிபதி தனியாக எழுதலாம். அங்கே எல்லோருக்கும் சேர்த்து ஒரே தீர்ப்பு, யார் எப்படி வாக்களித்தார் என்பது ரகசியம். இன்னொரு வழியும் இருந்தது என்பதற்குப் பெரும்பாலும் மிஞ்சுகிற சாட்சி அட்வகேட் ஜெனரலின் கருத்துதான்.

இன்னொரு உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. ஜெர்மனியில் மசாஜ் தொழில் செய்த ஒரு கிரேக்கரின் பெயரை, எழுத்துக்கு எழுத்து மாற்றும் விதியின்படி ‘ஹ்ரெஸ்டோஸ்’ என்று பதிந்தார்கள். அவர் பெயர் கிறிஸ்டோஸ். தன் பெயர் இனிஷியலோடும் எழுத்துப் பிழையோடும் பாஸ்போர்ட்டில் படும் பாட்டைப் பார்த்த எந்தத் தமிழருக்கும் அந்த மனிதரின் வலி புரியும். அட்வகேட் ஜெனரல் பிரான்சிஸ் ஜேக்கப்ஸ், 1992இல், வேறு நாட்டுக்கு வேலைக்குப் போன எவரும் ‘நான் ஐரோப்பியக் குடிமகன்’ என்று சொல்லித் தன் அடிப்படை உரிமைகளைக் கேட்கலாம் என்றார். நீதிமன்றம் அவ்வளவு தூரம் போகவில்லை. வாடிக்கையாளர்கள் ஆளை மாற்றிப் புரிந்துகொள்ளும் அபாயம் இருந்தால் மட்டும் தவறு என்று சுருக்கிக்கொண்டது. ஒரு மனிதனின் பெயரை வியாபார நஷ்டமாகக் குறுக்கியதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. ஆனால் ஜேக்கப்ஸின் வாசகம் சாகவில்லை. பின்னாளில் அட்வகேட் ஜெனரல்கள் மிகெல் மதூரோவும் எலினார் ஷார்ப்ஸ்டனும் அதைத் திரும்ப எடுத்தார்கள். ஷார்ப்ஸ்டன் எடுத்தது ரூயிஸ் சம்பிரானோ வழக்கில். அதில் 2011இல், பெல்ஜியக் குடிமக்களான சிறு குழந்தைகளின் கொலம்பியத் தந்தைக்கு அங்கே தங்கும் உரிமை கிடைத்தது.

இந்த இடத்தில்தான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது. ஜேக்கப்ஸ் ஒரு காலத்தில் அட்வகேட் ஜெனரல் வார்னரிடம் ரெஃபரான்டேராக, அதாவது நீங்கள் சொல்லும் அந்த ஜூனியராக, இருந்தவர். ஷார்ப்ஸ்டன் கார்டன் ஸ்லினிடம் அதே வேலை பார்த்தவர். 2015இல் நீதிமன்றத்தின் தலைவரான குன் லெனார்ட்ஸ், நீதிபதி ரெனே ஜோலியேயின் ரெஃபரான்டேராகத் தொடங்கியவர். பெயர் தெரியாதவர்கள் என்று நீங்கள் சொல்கிறவர்களில் சிலர் பின்னால் பெயரோடு வந்து உட்காருகிறார்கள்.

வரைவு எழுதுவது அவர்கள்தான் என்பதை நான் மறுக்கப் போவதில்லை. வழக்கு இருபத்து நான்கு மொழிகளில் எதில் வந்தாலும் உள்வேலை பிரெஞ்சில் நடக்கிறது. வழக்கு ஒப்படைக்கப்பட்ட நீதிபதியின் ரெஃபரான்டேர் முதல் அறிக்கையைத் தயார் செய்கிறார். எத்தனை நீதிபதிகள் கேட்க வேண்டும், அட்வகேட் ஜெனரலின் கருத்து வேண்டுமா என்ற யோசனையெல்லாம் அதில் இருக்கும். பிறகு தீர்ப்பின் வரைவு. மற்ற நீதிபதிகளின் அலுவலகங்களிலிருந்து அதற்குக் குறிப்புகள் வரும். பிரெஞ்சு நடையைச் சீர்பார்ப்பதற்கென்றே தனி ஆட்கள் உண்டு. ஆனால் கடைசிக் கூட்டத்தில் நீதிபதிகள் மட்டும்தான். மொழிபெயர்ப்பாளர்கூடக் கிடையாது. ஒவ்வொரு வரியையும் ஏற்பதும் வெட்டுவதும் அங்கேதான்.

யார் ஜெயிப்பது என்பதை ஜூனியர் தீர்மானிக்கிறார் என்று நான் நம்பவில்லை. கேள்வியை எப்படி வைப்பது, பழைய தீர்ப்பின் எந்த வாக்கியத்தை எடுத்து ஒட்டுவது என்பதில் அவர் கை பெரியது. அந்த நீதிமன்றம் தன் பழைய வாக்கியங்களை அச்சு மாறாமல் திரும்பத் திரும்ப எழுதும். அத்தனை மொழிகளிலும் பொருள் பிசகாமல் இருக்க அது ஓரளவு தேவையும்கூட. ஆனால் எப்போதோ ஒருவர் அவசரத்தில் எழுதிய தொடர் இருபது வருடம் சட்டமாக நிற்கவும் அது இடம் கொடுக்கிறது.

என் கவலை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளைத் திருத்திய நீஸ் ஒப்பந்தம் 2003இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, புதிய சட்டக் கேள்வி இல்லை என்று கருதினால் அட்வகேட் ஜெனரலின் கருத்து இல்லாமலே தீர்ப்புச் சொல்லலாம். கருத்து வேண்டுமா வேண்டாமா என்ற யோசனை, மேலே சொன்ன அந்த முதல் அறிக்கையில் தொடங்குகிறது. ஊர் பார்க்கக் கையெழுத்திட்டுப் பேசுகிற ஆலோசகர் பல வழக்குகளில் ஒதுங்க, அறைக்குள் எழுதுகிற ஆலோசகர் எல்லா வழக்கிலும் இருக்கிறார். வழக்குகள் குவிந்ததால் செய்தார்கள் என்பது புரிகிறது. ஆனால் கேள்வி புதியதா பழையதா என்பதே பல சமயம் ரோமர் மாதிரி ஒருவர் உட்கார்ந்து எழுதிப் பார்த்த பிறகுதான் தெரியும்.

ரோமரின் கருத்தைத் தேடிப் படியுங்கள். நாடுகளின் அரசியல் சட்டங்களை அவர் எடுத்துப் பார்க்கும் பகுதியை முதலில் படித்துவிட்டு, அடுத்து லக்ராஞ்சிடம் போங்கள். என் கட்டுரையில் ரோமரைப் பற்றிய பத்தியை நேற்றிரவு சேர்த்துவிட்டேன். பேராசிரியரிடம் என் நன்றியைச் சொல்லுங்கள்.