பெரியவர்கள் ஏன் குழந்தைகளின் கார்ட்டூனை விரும்பிப் பார்க்கிறார்கள்?

குழந்தைகளுக்கான கார்ட்டூனைப் பெரியவர்கள் தேடிப் போய்ப் பார்ப்பது இப்போது சகஜம். பிள்ளைக்குத் துணையாக உட்கார்ந்தவர்கள், பிள்ளை தூங்கிய பிறகும் தொடர்ந்து பார்க்கிறார்கள்.

முக்கியக் காரணம், நல்ல கார்ட்டூன்களில் ஒரே காட்சிக்கு இரண்டு அர்த்தம் இருக்கும். 2018-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய 'ப்ளூயி'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாய்க் குடும்பத்தின் கதை, ஒரு பகுதி சுமார் 7 நிமிடம். மகள்கள் இழுக்கும் விளையாட்டுக்கெல்லாம் அப்பா போவார், எவ்வளவு களைப்பாக இருந்தாலும். குழந்தை அதில் விளையாட்டைப் பார்க்கிறது. பக்கத்தில் இருக்கும் அப்பா தன்னையே பார்க்கிறார். எனக்கு இந்தத் தொடர் அவ்வளவு பிடிக்க இதுதான் காரணம்.

அப்புறம், மனதுக்குக் கிடைக்கும் ஓய்வு. பழகிய பாதையில் நடக்கும்போது எந்தத் திருப்பம் எங்கே என்று யோசிக்க வேண்டியதில்லை, கால் தானாகப் போகும். சின்ன வயதில் பார்த்த கார்ட்டூனும் அப்படித்தான். முடிவு தெரியும், பயமில்லை.

இதை முதிர்ச்சியின்மை என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் 1940-ல் தொடங்கிய 'டாம் அண்ட் ஜெர்ரி'யே முதலில் எல்லா வயதினரும் பார்க்கத் திரையரங்குகளில் வந்த குறும்படங்கள்தான்.