தொட்டி போனால் போகட்டும், ஃபில்டரைக் காப்பாற்றுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: வீட்டில் மீன் வளர்ப்பு

கேள்வி: வணக்கம் சார். எங்கள் வீடு இரண்டாவது மாடியில் இருக்கிறது. ஹாலில் ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, வாங்கி எட்டு வருடம் ஆகிறது. நேற்று விடியற்காலை பின்பக்க மூலையில் கண்ணாடியை ஒட்டியிருக்கும் சிலிகான் பசை விட்டுப்போய், நாங்கள் எழுந்து பார்ப்பதற்குள் முக்கால் தொட்டித் தண்ணீர் ஹாலுக்கு வந்துவிட்டது. கீழ் வீட்டுக் கூரையிலும் ஒழுகுகிறது. இரண்டு ஆஸ்கார், நான்கு சில்வர் டாலர், ஒரு பெரிய சக்கர், எல்லா மீன்களையும் பக்கெட்டில் போட்டு ஏர் பம்ப் வைத்திருக்கிறோம். உள்பக்கம் புதிதாக சிலிகான் பூசினால் போதும் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா? மீன்கள் அதுவரை தாங்குமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: முதலில் மீன்களைப் பார்ப்போம், கண்ணாடி பத்து நாள் காத்திருக்கும். வளர்ந்த ஆஸ்காருக்குப் பக்கெட் போதவே போதாது. இன்றே ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மோ, சும்மா கிடக்கும் தண்ணீர்த் தொட்டியோ பிடியுங்கள். வெயில் படாத இடமாக வைத்து, மேலே வலை போட்டுக் கட்டுங்கள், புது இடத்தில் ஆஸ்கார் துள்ளி வெளியே விழும். இரண்டு மூன்று நாளைக்குச் சாப்பாடு போடாதீர்கள். பாவமாகத்தான் இருக்கும், ஆனால் அந்த அளவு மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது, போடும் தீனி கழிவாகி அம்மோனியாவாக மாறி அந்தச் சின்ன இடத்தில் தேங்குவதுதான் மீனைக் கொல்லும்.

உங்கள் கடிதத்தில் ஃபில்டரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை, ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் செராமிக் வளையத்திலும் அடியில் கிடக்கும் கல்லிலும் ஒட்டிக்கொண்டுதான் வாழ்கின்றன. எட்டு வருடத் தொட்டியில் உங்களுடைய உண்மையான சொத்து, ஸ்பாஞ்சைப் பிழிந்தால் வருகிற அந்தப் பழுப்பு நிறப் பிசுக்குதான். கண்ணாடியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம், இதை வாங்க முடியாது. காய்ந்தால் செத்துவிடும், குழாய்த் தண்ணீரில் அலசினால் அதிலுள்ள குளோரின் கொன்றுவிடும், மூடிய ஃபில்டர் டப்பாவுக்குள் (கேனிஸ்டர்) தண்ணீர் ஓட்டமில்லாமல் பல மணி நேரம் கிடந்தாலும் ஆக்சிஜன் தீர்ந்து அழுக ஆரம்பித்துவிடும். அதனால் ஃபில்டரை இப்போதே திறங்கள். உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், அதை மீன் இருக்கும் தண்ணீரில் கலக்காதீர்கள். ஸ்பாஞ்சும் வளையங்களும் ஈரமாக, மண் வாசனையோடு இருந்தால் இன்னும் உயிரோடு இருக்கின்றன, மீன் தண்ணீரில் லேசாக முக்கியெடுத்து அந்த டிரம்மிலேயே போட்டு, அடியில் ஏர் கல்லை (ஏர் பம்ப் குழாயின் நுனியில் குமிழி விடும் கல்) வைத்துவிடுங்கள். முட்டை அழுகிய நாற்றம் அடித்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அப்படி ஆகிவிட்டால் மனம் தளர வேண்டாம், வேலைதான் கூடும். பாக்டீரியா புதிதாக வளர 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும், கார்ப்பரேஷன் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் கலந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் கல்லுப்பு கரைத்து ஊற்றுங்கள், நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் ஏறுவதை அது தடுக்கும். அடுத்தடுத்துத் தண்ணீர் மாற்றும்போது, மாற்றுகிற அளவுக்கு மட்டும் உப்பு சேர்த்தால் போதும். அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். நம் ஊர் போர் தண்ணீரில் பெரும்பாலும் பிஹெச் (காரத்தன்மை) அதிகம், வெயிலும் அதிகம், இரண்டுமே அம்மோனியாவின் விஷத்தைக் கூட்டும். எனவே கண்ணால் பார்த்துத் தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள்.

சரி, இப்போது கண்ணாடி. கடைக்காரர் சொன்னதைச் செய்யாதீர்கள். இறுகிப்போன பழைய சிலிகான் மேல் புது சிலிகான் சரியாகப் பிடிக்காது. அது மட்டுமில்லை, பாரத்தைத் தாங்குவது இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் இருக்கும் ஒட்டுதான், உள்மூலையில் தெரிகிற பட்டை அதற்குக் காவல் மட்டுமே. நடுவில் விட்டுப்போன பிறகு மேலே பூசி என்ன பயன்? ஒரு மூலை எட்டு வருடத்தில் விட்டது என்றால் மற்ற மூலைகளுக்கும் அதே வயதுதான். கண்ணாடி விளிம்புகளில் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், சில்லு பெயர்ந்த இடம் தட்டுப்பட்டால் அந்தத் தொட்டியே வேண்டாம். நன்றாக இருந்தால் எல்லாப் பக்கத்தையும் பிரித்து, பழைய சிலிகானைப் பிளேடால் ஒட்டுமொத்தமாகச் சுரண்டி, அசிட்டோன் வைத்துத் துடைத்து, பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிகானால் புதிதாக ஒட்ட வேண்டும். இது பழகிய கை செய்கிற வேலை. ஒரு வாரம் காயட்டும், வினிகர் வாடை முழுக்கப் போகட்டும். அப்புறம் தரைத்தளத்தில் சமமான இடத்தில் வைத்து, சுற்றிலும் செய்தித்தாள் விரித்து, விளிம்புவரை நிரப்பி நான்கைந்து நாள் விட்டுவிடுங்கள். ஒரு சொட்டு கசிந்தாலும் காகிதத்தில் திட்டாகத் தெரிந்துவிடும். அதன் பிறகே மாடி ஏற வேண்டும்.

இன்னொன்று, ஏன் விட்டது என்று பார்க்காமல் மறுபடி வைத்தால் மறுபடியும் விடும். உங்கள் தொட்டியின் கொள்ளளவு கிட்டத்தட்ட 565 லிட்டர். கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால் அரை டன்னுக்கு மேல். ஸ்டாண்டின் ஒரு கால் ஒரு நூல் இறங்கியிருந்தாலும் அந்தப் பாரம் முழுக்க ஒரு மூலையைத் திருகிக்கொண்டே இருக்கும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பிளைவுட் ஸ்டாண்ட் என்றால் தண்ணீர் சிந்திச் சிந்தி எங்காவது உப்பியிருக்கும், கதவு முன்போல மூடாமல் இடிக்கும், அதுவே அடையாளம். அடியில் தெர்மாகோல் போட்டிருக்கிறேன் என்று பலர் சொல்வார்கள். அது சின்ன மேடு பள்ளத்தைச் சமாளிக்கும், கோணலான ஸ்டாண்டைச் சரி செய்யாது. மூலையில் வெள்ளையாக உப்புப் படிந்த கோடு, சிலிகானுக்குள் புதிதாக நீர்க்குமிழி, நகத்தால் இழுத்தால் உரிந்து வருகிற ஓரம் ஆகியவை தொட்டி முன்கூட்டியே காட்டும் அறிகுறிகள்.

கீழ் வீட்டுக்கு நீங்களே நேரில் போங்கள், செலவைப் பற்றிப் பேசுவது அப்புறம். நனைந்த கூரையில் இருக்கும் ஃபேன், லைட் எதையும் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் போட வேண்டாம் என்று சொல்லுங்கள், உங்கள் வீட்டில் தொட்டிப் பக்கத்து ஸ்விட்ச் போர்டுக்கும் அதேதான். ஈரம் காய்வதற்குள் இரண்டு வீட்டிலும் போட்டோ எடுத்து வைப்பது இரு தரப்புக்கும் நல்லது.

கேள்வி: பெரிய தொட்டிக்குக் கண்ணாடியைவிட அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) நல்லது என்கிறார்கள். ஆனால் ஜெர்மனியின் பெர்லினில் உடைந்த பெரிய மீன் தொட்டி அக்ரிலிக்தானே?
– வாசகி, கோவை

பதில்: ஆமாம், அக்ரிலிக்தான். ஒரு ஹோட்டலின் நடுவில் நின்ற அந்த உருளைத் தொட்டி 2022 டிசம்பர் 16 அன்று விடியற்காலை உடைந்தது. சுமார் 10 லட்சம் லிட்டர் தண்ணீர், ஏறக்குறைய 1,500 மீன்கள். ஒட்டு விட்டதா, அக்ரிலிக்கிலேயே கீறல் இருந்ததா என்று நிபுணர்கள் ஆராய்ந்தும் இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதை வைத்து உங்கள் வீட்டுத் தொட்டியை எடை போட வேண்டாம். அக்ரிலிக் எடையில் கண்ணாடியில் பாதிதான், ஆனால் துடைக்கும்போதே கீறல் விழும், விலையும் கூடுதல். ஐந்தாறடிக்குள் என்றால் சரியான தடிமனில் கண்ணாடியே போதும் என்பேன். தடிமனைத் தீர்மானிக்கும்போது உயரத்தைத்தான் முக்கியமாகப் பாருங்கள், தண்ணீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டினால் தொட்டிக்கும் நல்லது, மீனுக்கும் நீந்த இடம் கிடைக்கும்.

பெர்லின் செய்தியில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தனித் தொட்டிகளில் நூற்றுக்கணக்கான மீன்கள் இருந்தன. அந்தத் தொட்டிகள் உடையவே இல்லை. ஆனாலும் மின்சாரம் போய்விட்டதால் அந்த மீன்களை அவசரமாக வேறு இடங்களுக்கு மாற்ற வேண்டியிருந்தது. பெரிய தொட்டி வைக்கப் போகிறீர்கள் என்றால் பேட்டரியில் ஓடும் ஒரு ஏர் பம்பைச் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

கேள்வி: தொட்டி உடைந்த பிறகு வீட்டில் இனி மீனே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒன்றரை அடி சக்கர் மட்டும் மிச்சம். பக்கத்துக் கண்மாயில் விட்டுவிடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். அது தென் அமெரிக்க மீன், நம் ஊர் நீர்நிலைகளில் இப்படி விடப்பட்டுத்தான் பரவிக்கொண்டிருக்கிறது. கரையில் குழி தோண்டி முட்டையிடும், நாட்டு மீனின் இரையைத் தின்னும், மீனவர் வலையை முள்ளால் கிழிக்கும், அதன் உடம்பில் இருக்கும் எலும்புக் கவசத்தால் அதைத் தின்ன நம் பறவைகளுக்கும் சிரமம். வாங்கிய கடையிலேயே காசு கேட்காமல் திருப்பிக் கொடுங்கள், பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் பெரிய தொட்டி வைத்திருக்கும் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். கொண்டுபோகும்போது வலையில் பிடிக்க வேண்டாம், துடுப்பு முள் சிக்கிக்கொண்டால் மீனுக்கும் காயம், கைக்கும் காயம். தண்ணீருக்குள்ளேயே ஒரு டப்பாவை வைத்து அதற்குள் ஒதுக்கி, மூடி போட்டுத் தூக்குங்கள்.