கண்ணை மூடினால் ஏன் சாய்கிறேன்?

கேள்வி: வயது 63. அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கழுத்தில் தண்டுவடம் நசுங்கியிருக்கிறது என்று நான்கு மாதங்களுக்கு முன் ஆபரேஷன் செய்தார்கள். விரல் மரத்துப்போவது குறைந்து, சட்டைப் பித்தான் போட முடிகிறது. ஆனால் நடை தள்ளாடுகிறது. குளிக்கும்போது முகத்துக்குச் சோப்புப் போட்டால் பக்கவாட்டில் சாய்கிறேன். காதுக் கோளாறாக இருக்கும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழித்தவன் நான். பழைய நிதானம் திரும்புமா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: ஐயா, காதுக் கோளாறு என்றால் பெரும்பாலும் வீடே சுற்றுவது போல இருக்கும். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை. கண்ணை மூடும்போதுதான் சாய்கிறீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

கால் எங்கே இருக்கிறது, தரை எப்படி இருக்கிறது என்ற செய்தி பாதத்திலிருந்து தண்டுவடத்தின் பின்பகுதி வழியாக மூளைக்குப் போகிறது. உங்களுக்கு நசுங்கியதில் அந்த வழியும் அடிபட்டிருக்கலாம். செய்தி குறையும்போது கண் அதை ஈடுகட்டுகிறது. கண்ணையும் மூடினால் மூளைக்குப் பிடிமானம் போய்விடுகிறது. இதை வைத்துத்தான், கால்களைச் சேர்த்து நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லும் ராம்பெர்க் சோதனையை நாங்கள் இன்றும் செய்கிறோம்.

ஆபரேஷன் நெருக்கத்தை எடுத்துவிடும். அடிபட்ட நரம்பு தேறுவது தனி வேலை, அது மெதுவாகத்தான் நடக்கும். முன்னேற்றத்தில் பெரும்பங்கு முதல் ஆறு மாதத்தில் தெரியும். அதற்குப் பிறகும் ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் தொடரும். எவ்வளவு காலம் நசுங்கியிருந்தது என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் தள்ளாட்டம் தங்கியும்விடலாம். முழுதாகத் திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் நான்கு மாதத்தில் கணக்கை முடிக்காதீர்கள்.

உங்கள் சர்ஜன் சம்மதித்தால் இப்படிப் பழகுங்கள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு கால்களைச் சேர்த்து அரை நிமிடம் நில்லுங்கள். அது சுலபமானதும் ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை வைத்து நில்லுங்கள். கண்ணை மூடிப் பழகுவது கடைசியில்தான். அதுவும் அறையின் மூலையில், முதுகுக்குப் பின் சுவர், முன்னால் நாற்காலி, பக்கத்தில் வீட்டு ஆள் இருக்கும்போது மட்டும். குளிக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்காருங்கள். சுவரில் கைப்பிடி மாட்டச் சொல்லுங்கள். இரவில் பாத்ரூம் போகும் வழியில் விளக்கு எரியட்டும். ஹவாய் செருப்புக்குப் பதில் பின்வார் உள்ள செருப்பு நல்லது. கைத்தடி பிடிக்க வெட்கப்படாதீர்கள். கண்டக்டர் வேலையில் பஸ் ஆடியது, இப்போது நீங்கள் ஆடுகிறீர்கள், அவ்வளவுதான்!

இரண்டு விஷயங்களை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ஒன்று, ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவு. அது குறைந்தாலும் இதே தண்டுவடப் பகுதிதான் கெடும்; சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்குக் குறைய வாய்ப்பு அதிகம். இன்னொன்று, நரம்பு வலிக்கு ப்ரிகாபாலின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதுவே தள்ளாட வைக்கும். ஆனால் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அப்புறம், சலூனில் கழுத்தை நெட்டி முறிக்க விடவே கூடாது. எண்ணெய் தடவிக் கழுத்தைத் திருப்பும் வைத்தியமும் வேண்டாம். பித்தான் போடுவது மறுபடி சிரமமானாலோ, கால் புதிதாகக் கனத்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.