கடற்கரை, வரலாறு, பழைய கிராமங்கள் மூன்றும் ஒரே கிரேக்கத் தீவில் கிடைக்குமா?

கிடைக்கும். நாக்சோஸுக்குப் போங்கள். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து சாந்தோரினி தீவுக்குப் போகும் கப்பல்களில் பல, வழியில் நாக்சோஸில் நிற்கின்றன. கூட்டத்தோடு கடைசிவரை போகாமல் அங்கேயே இறங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்பேன்.

கப்பல் கரையை நெருங்கும்போதே போர்த்தாரா தெரியும். கோயில் இல்லாத கோயில் வாசல். லிக்டாமிஸ் என்ற சர்வாதிகாரி கி.மு. 530 வாக்கில் கிரேக்கக் கடவுள் அப்போலோவுக்கு இந்தக் கோயிலைக் கட்டத் தொடங்கினான். அவன் ஆட்சி கவிழ்ந்ததும் வேலை நின்றுபோனது. பின்னாளில் வெனிஸ்காரர்கள் மேட்டில் கோட்டை கட்டியபோது இங்கிருந்த பளிங்கையெல்லாம் பெயர்த்துக்கொண்டு போனார்கள். இந்த வாசலை மட்டும் அசைக்க முடியவில்லை, அவ்வளவு கனம்.

பாதியில் விட்ட வேலைகளைப் பார்ப்பதில் எனக்குத் தனி ஆசை. அதே ஆசை உள்ளவர்கள் தீவின் வடமுனையில் உள்ள அப்போலோனாஸுக்குக் கட்டாயம் போக வேண்டும். பத்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒரு சிலை, வெட்டிய குவாரியிலேயே மல்லாந்து கிடக்கிறது. தாடி இருப்பதால் மதுவின் கடவுளான டியோனிசஸ் என்கிறார்கள். முகம் இன்னும் பாறைதான். அருங்காட்சியகத்தில் நிற்கும் முழுச் சிலைகளைவிட, உளி எங்கே எப்படி இறங்கியது என்பதை இதுதான் நன்றாகக் காட்டுகிறது.

கிராமங்களில் அபெய்ராந்தோஸுக்கு என் ஓட்டு. தெருவெல்லாம் பளிங்கு பாவியது. கழுதைக்கும் பளிங்குப் பாதைதான்! சுற்றியுள்ள மலைகளில்தான், உப்புத்தாளில் ஒட்டும் எமரிக் கல்லை வெட்டினார்கள். 1941இல் ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றில் ஏறி நாஜிக் கொடியை இறக்கிய இருவரில் ஒருவரான மனோலிஸ் கிளெசோஸ் பிறந்த ஊரும் இதுவே. ஹால்கி என்ற இன்னொரு கிராமத்தில் நாரத்தை வகை மரத்தின் இலையில் காய்ச்சும் கித்ரோன் மது கிடைக்கும். நீங்கள் குடிக்காதவர் என்றால் நாக்சோஸின் கிராவியேரா பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் போதும்.

கடற்கரைக்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். அகியோஸ் புரோகோபியோஸ், அகியா அன்னா, பிளாகா என்று மேற்குக் கரையில் வரிசையாக மணல்தான். ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்ற வடகாற்று மணலை முகத்தில் வாரி அடிக்கும்; கப்பல்கள்கூடத் தாமதமாகும். செப்டம்பரில் போனால் தண்ணீரும் வெதுவெதுப்பாக இருக்கும், அறை வாடகையும் குறையும். மலைக் கிராமங்களுக்கு பஸ் உண்டு, ஆனால் குறைவு. அப்போலோனாஸ் போகிற நாளுக்கு மட்டுமாவது ஒரு காரை வாடகைக்கு எடுத்துவிடுங்கள்.