கேள்வி – பதில்: குழி வெட்டிப் பார்த்தால் பனிச்சரிவு தெரியுமா?

கேள்வி: பிப்ரவரியில் குல்மர்க் போகிறோம். கோண்டோலாவில் (கம்பிவட ஊர்தியில்) அபர்வட் மலைக்கு ஏறி, பாதுகாப்புக் குழு கண்காணிக்கும் ரோந்து எல்லைக்கு வெளியே பனியில் சறுக்க ஆசை. பனியில் குழி வெட்டித் தட்டிப் பார்த்தாலே சரிவு வருமா வராதா என்று தெரிந்துவிடுமாமே?
– ஒரு வாசகர், பெங்களூரு

பதில்: ஆபத்து என்று குழி சொன்னால் நம்புங்கள். ஆபத்தில்லை என்றால் அதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சறுக்கப்போகும் சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறதோ, எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதே போன்ற பாதுகாப்பான சிறு சரிவில் வெட்டுங்கள். சரிவின் குறுக்கே 90 செ.மீ., சரிவு ஏறும் திசையில் 30 செ.மீ. அளவில் ஒரு பனித் தூணை நான்கு பக்கமும் பிரித்தெடுக்க வேண்டும். பின்பக்கத்தை அறுக்க முடிச்சுப் போட்ட கயிறு போதும். பின்பக்கம் ஒட்டியிருந்தால் சோதனையே பொய். தூணின் ஒரு முனையில் மண்வாரியின் தகட்டை வைத்து, மணிக்கட்டிலிருந்து 10, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 என்று தட்டுங்கள். விரிசல் விழுந்த தட்டிலோ அடுத்த தட்டிலோ அது மறுமுனைவரை ஓடினால், அந்தச் சரிவை விட்டுவிடுங்கள்.

ஓடாவிட்டால்? பத்தடி தள்ளினால் பனியின் தடிமன் வேறாக இருக்கலாம். ஒரு மீட்டருக்குக் கீழே உள்ள அடுக்குக்குத் தட்டும் சரியாகப் போய்ச் சேராது. பருவத் தொடக்கத்தில் பனி மெலிசாகக் கிடந்தால் வில்லங்கம் அந்த அடியடுக்கில்தான் உருவாகும். தரை 0 டிகிரியை ஒட்டி இருக்க, மேலே கடுங்குளிர். 10 செ.மீ.க்கு 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் நீராவி மேலேறி உறைந்து, பனி சர்க்கரைபோல் உதிரியாகிவிடும். அதன்மேல் காற்று அடித்துக் கொட்டும் புதுப்பனி கெட்டிப் பலகையாகப் படிந்தால், ஒருவரின் எடையே அதை உடைத்துவிடலாம்.

ஆகவே குழிக்கு முன் கண்ணையும் காதையும் திறந்து வையுங்கள். பக்கத்தில் புதிய பனிச்சரிவு, சறுக்குப் பலகையின் கீழே விரிசல் ஓடுவது, கால் வைத்ததும் 'பொம்' என்று அமுங்கும் ஓசை, ஒரே நாளில் 30 செ.மீ. புதுப்பனி: ஒன்று தென்பட்டாலும் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகள் வேண்டாம். அப்படிப்பட்ட சரிவு தலைக்குமேல் இருந்தாலும் அதன் அடியில் போகக்கூடாது. கெட்டிப் பலகையாக உடைந்து வரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைக்குள் கிளம்புபவை. அளக்கச் சம நீளமுள்ள இரண்டு கம்புகள் போதும். ஒன்றின் நுனியைச் சரிவில் ஊன்றிக் கிடையாகப் பிடித்து, மறுமுனையிலிருந்து மற்றதைச் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். அதன் பாதியில் பனி தட்டினால் ஏறக்குறைய 27 பாகை, நுனியில் தட்டினால் 45.

கேள்வி: பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உடலில் அணியும் பீக்கன் கருவி இருந்தால் போதாதா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: போதாது. அதன் 457 கிலோஹெர்ட்ஸ் வானலை புதைந்த ஆள் இருக்கும் இடத்தைக் காட்டும், அவ்வளவே. துழாவும் நீளக்கம்பும் மண்வாரியும் ஒவ்வொருவரிடமும் வேண்டும். சரிந்து நின்ற பனி கல்லாக இறுகிவிடும் என்பதால் பிளாஸ்டிக் வாரி உடையும், உலோகமே வாங்குங்கள். 15 நிமிடம் தாண்டினால் பிழைக்கும் வாய்ப்பு மளமளவென்று சரிவதால், தோண்டுவது கூட வந்தவர்தான். கைபேசியைப் பீக்கனிலிருந்து 20 செ.மீ. தள்ளியும், தேடும்போது 50 செ.மீ. தள்ளியும் வையுங்கள்.