வாடிய சோளத்துக்கு யூரியா போட்டு, பச்சை திரும்பியதும் மாட்டுக்கு அறுத்துப் போடலாமா?

உங்கள் கேள்வி இது: மழை பொய்த்து முழங்கால் உயரத்திலேயே நின்றுவிட்ட தீவனச் சோளம். இப்போது ஒரு தூறல் விழுந்திருக்கிறது. யூரியா போட்டால் நாலு நாளில் பச்சை கட்டிவிடும், அறுத்துப் போடலாமா என்கிறீர்கள். தயவுசெய்து இப்போது வேண்டாம். மாட்டையும் அந்தக் காட்டுப் பக்கம் விடாதீர்கள்.

நான் தாராபுரம் பக்கம் மேட்டாங்காட்டில் வளர்ந்தவன். ஏழாவது படிக்கும்போது எங்கள் காங்கேயம் பசு ஒன்று முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு, காய்ந்து கிடந்த சோளக்காட்டுக்குள் போய்விட்டது. அம்மா பார்த்து ஓட்டிக்கொண்டு வருவதற்குள் கால் மணி நேரம் மேய்ந்திருக்கும். கட்டுத்தறி வரைக்கும்கூட வந்து சேரவில்லை. வரப்பிலேயே தள்ளாடி, மூச்சு வாங்கி, நுரை தள்ளி விழுந்தது. பக்கத்துக் காட்டில் முந்தின நாள்தான் பூச்சி மருந்து அடித்திருந்தார்கள். அவர்கள்தான் ஏதோ வைத்துவிட்டார்கள் என்று அப்பா சண்டைக்கே போய்விட்டார். ஒரு மணி நேரத்தில் வந்த கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தபோது ரத்தம் செக்கச்செவேலென்று இருந்தது. அவர் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "சோளம் எத்தனை நாள் பயிருங்க?" என்றுதான் கேட்டார். அந்தப் பக்கத்து வீட்டோடு மறுபடி முகம் பார்த்துப் பேச எங்களுக்கு இரண்டு வருடம் ஆனது.

பிறகு நான் பயிர் வினையியல் படிக்கப் போனதற்கு அந்த ஒரு கேள்விதான் காரணம்.

அந்தப் பசுவைக் கொன்றது ஹைட்ரஜன் சயனைடு. ஆனால் நிற்கிற பயிரில் அது சயனைடாக இருப்பதில்லை. சோளம் துர்ரின் என்ற சேர்மத்தைத் தயாரித்து, இலையின் மேல்தோல் செல்களில் பூட்டி வைத்திருக்கிறது. அதை உடைக்கும் நொதி உள்ளே இருக்கும் இலைச்செல்களில் தனியாக இருக்கிறது. மாடு மென்றதும் இரண்டும் கலந்துவிடும், சயனைடு வெளிவரும். ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கும், ஆனால் உடம்பின் செல்களால் அதை எடுத்துப் பயன்படுத்த முடியாது. ரத்தம் அப்படிச் சிவந்திருந்ததற்கு அதுதான் காரணம். துர்ரினை 1902-இல் டன்ஸ்டன், ஹென்றி என்ற இரு வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தார்கள். சோளத்துக்கு அரபியில் உள்ள துர்ரா என்ற பெயரிலிருந்துதான் இந்தப் பெயர் வந்தது.

கணக்கு எவ்வளவு சின்னது என்று பாருங்கள். மாட்டின் எடையில் கிலோவுக்குச் சுமார் 2 மில்லிகிராம் சயனைடு போதும் உயிரை எடுக்க. 300 கிலோ பசுவுக்கு 600 மில்லிகிராம். பச்சைத் தீவனத்தில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் சேர்ந்துவிட்டால், பசியோடு இருக்கிற மாடு மூன்று கிலோ தின்றாலே அந்த அளவு வந்துவிடுகிறது.

சரி, வறட்சியில் இது ஏன் கூடுகிறது? காலை ஏழு மணிக்கு உங்கள் காட்டுக்குப் போய் ஒரு பயிரைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தண்ணீர் இருந்தால் இலை விரிந்திருக்கும். பதினொரு மணிக்குப் பாதி சுருளும். இலையின் மேல்பக்கம் வரிவரியாக இருக்கும் பெரிய செல்கள் நீரை இழந்து சுருங்குவதால் இலை உள்நோக்கி மடிகிறது. வெயில் படும் பரப்பு குறைகிறது, இலைத்துளைகளும் மூடிக்கொள்கின்றன. தண்டைச் சுற்றியிருக்கும் இலையுறையைக் கட்டைவிரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி மாதிரி ஒட்டும். அது மெழுகு, நீர் ஆவியாகாமல் காக்கிற போர்வை. சாயங்காலம் இலை மறுபடி விரிந்தால் பயிர் சமாளிக்கிறது என்று பொருள். விடியற்காலையிலும் இலை சுருண்டே இருந்தால் வேருக்கு எட்டும் ஈரம் தீர்ந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, எது முதலில் நிற்கிறது என்பது. செல்லுக்குள் நீர் அழுத்தம் இருந்தால்தான் செல் பெரிதாகும். அதனால் தண்ணீர் குறைந்ததும் முதலில் நிற்பது வளர்ச்சி. ஒளிச்சேர்க்கையும் வேரின் உறிஞ்சலும் குறைந்தாலும், அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். உள்ளே வந்த தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், புது இலையாகப் போக வழியில்லை. அதில் ஒரு பங்கு துர்ரினாகச் சேர்கிறது. முளைத்துச் சில நாளே ஆன நாற்றின் நுனியில், உலர் எடையில் 30 சதவீதம் வரை துர்ரின் இருக்கலாம். பயிர் வளர வளர அது நீர்த்துப் போகும். வளராமல் குட்டையாக நிற்கிற பயிரில் நீர்த்துப் போக இடமே இல்லை. அதாவது காய்ந்த முழங்கால் சோளம் வயதில் பெரியது, உள்ளே இன்னும் நாற்று.

பயிரின் பக்கம் நின்று பார்த்தால் இது குறையே இல்லை. பூச்சி கடிக்காமல் தன்னைக் காத்துக்கொண்டு, தழைச்சத்தையும் சேமித்து வைத்துக்கொண்டு, அடுத்த மழைக்குக் காத்திருக்கிறது. எங்கள் கொறங்காட்டில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காட்டில் இருக்கும் கொழுக்கட்டைப் புல் வேறு வழியில் போகும். கோடையில் இலையிலிருக்கும் சத்தைத் தூருக்கும் வேருக்கும் இறக்கிவிட்டு, மேலே வைக்கோல் மாதிரி நிற்கும். அதை மாடு தின்றால் சத்துக் குறைவுதான், சயனைடு இல்லை.

இப்போது யூரியாவுக்கு வருகிறேன். காய்ந்த மண்ணில் தூவினால் பாதி அம்மோனியாவாகப் பறந்துவிடும் என்று கவலைப்படுவார்கள். மாட்டுக்காரர் அதைவிட அதிகம் கவலைப்பட வேண்டியது தூறலுக்குப் பிறகு நடப்பதைப் பற்றித்தான். யூரியா மண்ணில் நைட்ரேட்டாக மாறும், ஈரம் பட்டதும் வேர் அந்த நைட்ரேட்டை வேகமாக இழுக்கும். ஆனால் அதைப் புரதமாக்கும் முதல் நொதி, வறட்சியில் எல்லாவற்றுக்கும் முன்னால் சோர்ந்துபோயிருக்கும். அது எழுந்து வரச் சில நாள் ஆகும், வெளிச்சமும் வேண்டும், மேகமூட்டம் என்றால் இன்னும் தாமதம். இடைப்பட்ட நாட்களில் நைட்ரேட் தண்டின் அடிப்பகுதியில் தேங்கி நிற்கும். கூடவே தூரிலிருந்து புதுத் தளிர் கிளம்பும், அதில் துர்ரின் உச்சத்தில் இருக்கும். நீங்கள் பச்சை கட்டிவிட்டது என்று மகிழ்கிற அந்த வாரம்தான் சயனைடு, நைட்ரேட் என்ற இரண்டு விஷமும் ஒன்றாக நிற்கிற வாரம். மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்த நிலத்தில் வெறும் யூரியாவை மட்டும் கொட்டினால் நிலைமை இன்னும் மோசம்.

அறுத்துக் காயவைத்தால் சயனைடு பெருமளவு போய்விடும், அதனால்தான் நம் ஊரில் சோளத்தட்டை நன்றாகக் காயவிட்டுப் போர் போடுகிறார்கள். ஆனால் காயவைப்பதால் நைட்ரேட் குறையவே குறையாது. அதற்கு, காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்து ஊறுகாய்ப்புல்லாக்குவது (சைலேஜ்) ஓரளவு உதவும். அறுக்கும்போது அடித்தண்டை ஒரு சாண் விட்டு அறுப்பதும் நல்லது. கம்பு, கம்பு நேப்பியர் இரண்டிலும் துர்ரின் இல்லை. ஆனால் யூரியா அதிகமானால் அவற்றிலும் நைட்ரேட் சேரும், அதனால் முழுப் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நைட்ரேட் மாட்டின் வயிற்றில் நைட்ரைட்டாக மாறி, ரத்தத்தைச் சாக்லேட் நிறமாக்கிவிடும். அதற்கு மருந்து மெத்திலீன் ப்ளூ. சயனைடுக்கு மருந்தோ சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்ஃபேட்டும். சயனைடுக்கு உயிர் காக்கும் அந்த நைட்ரைட்டையே நைட்ரேட் விஷம் ஏறிய மாட்டுக்குப் போட்டால் கொன்றுவிடும். அதனால் மருத்துவருக்குப் போன் செய்யும்போதே, என்ன பயிர், எத்தனை நாள், கடைசியாக எப்போது உரம் போட்டீர்கள், மாடு எவ்வளவு நேரம் மேய்ந்தது என்று சொல்லிவிடுங்கள். கையில் கிடைத்ததைக் கரைத்து ஊற்றிக்கொண்டு நேரத்தைக் கழிக்க வேண்டாம். சயனைடு நிமிடக் கணக்கில் கொல்லும்.

உங்கள் பயிருக்கு என் யோசனை இதுதான். யூரியாவை நிறுத்தி வையுங்கள். நல்ல மழை பெய்து மண் நனைந்து, புதுக் குருத்து வெளியே வந்து நிற்கட்டும். அப்புறம் ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். கோ எஃப்எஸ் 29 மாதிரி, அறுத்த தூரிலிருந்து மறுபடி துளிர்த்து மறுதாம்பு விடும் ரகம் என்றால், நல்ல ஈரத்தில் விதைத்த 65 நாளில் முதல் அறுப்பு, பிறகு 50 நாளுக்கு ஒரு முறை என்பார்கள். காய்ந்து நின்ற பயிருக்கு அந்த நாள் கணக்கு பொருந்தாது, பூ எடுத்ததா என்று பார்த்து அறுங்கள். முதல் நாள் வயிறு நிறைய வைக்கோல் போட்ட பிறகு, இதைக் கொஞ்சமாகக் கலந்து கொடுங்கள். அதுவரைக்கும் முளைக்குச்சியை இன்னும் ஒரு அடி ஆழமாக அடித்து வையுங்கள்.